அருணா ஷான்பாக்: சோறூட்டியவர்கள் சொன்ன பதில்

உயிர்காக்கும் சிகிச்சையை எப்போது நிறுத்தலாம், அதை யார் தீர்மானிக்கலாம் என்று இந்தியாவில் இன்று இருக்கிற சட்டத்தின் வேர், மும்பை பரேலில் உள்ள கேஇஎம் மருத்துவமனையின் நான்காம் வார்டில் இருக்கிறது. அங்கே 42 ஆண்டுகள் படுத்திருந்தவர் ஒரு செவிலியர். அவரைப் பார்த்துக்கொண்டவர்களும் செவிலியர்கள்தான். சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கை 'கருணைக் கொலை வழக்கு' என்று நடத்துகிறார்கள். ஐசியூவில் நர்ஸாக வேலை பார்த்து, இப்போது நர்சிங் மாணவர்களுக்குத் தீவிர சிகிச்சைப் பாடம் எடுக்கும் எனக்கு இது வேறொரு வழக்காகத் தெரிகிறது. பேச முடியாத நோயாளிக்காக யார் பேசலாம் என்பதற்கான வழக்கு இது. 2011இல் அந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் தந்த பதில், அதற்குப் பிறகு வந்த விதிகளில் எப்படியோ காணாமல் போய்விட்டது. அதைப் பற்றித்தான் இந்த ஆய்வு.

நடந்தது

அருணா ராமச்சந்திர ஷான்பாக் 1948 ஜூன் 1 அன்று பிறந்தவர். சொந்த ஊர் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் உள்ள ஹல்திபூர். பம்பாய்க்கு வந்து நர்சிங் படித்து, கேஇஎம் மருத்துவமனையில் ஜூனியர் நர்ஸாக இருந்தார். அதே மருத்துவமனையின் மருத்துவர் ஒருவருடன் திருமணம் நிச்சயமாகியிருந்தது.

1973 நவம்பர் 27 மாலை, வேலை முடிந்த நேரத்தில், வார்டு துப்புரவுப் பணியாளர் ஒருவன் அவரைத் தாக்கினான். நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கி, பாலியல் வன்கொடுமை செய்தான். மறுநாள் காலை 7.45க்குத்தான் அவரைக் கண்டுபிடித்தார்கள். இரவு முழுக்க யாரும் பார்க்கவில்லை. கழுத்து நெரிபட்டதில் மூளைக்கு ஆக்சிஜன் போகாமல், மூளையின் மேற்பகுதி மீளமுடியாதபடி சேதமாகிவிட்டது. தாக்கியவனுக்குக் கொலை முயற்சிக்கும் கொள்ளைக்குமாக ஏழாண்டுத் தண்டனை கிடைத்தது. பாலியல் வன்முறை அந்த வழக்கில் குற்றமாகவே இடம்பெறவில்லை. பணியிடப் பாதுகாப்பு கேட்டும் அருணாவுக்கு நீதி கேட்டும் அப்போது பம்பாய் செவிலியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். இந்த ஆய்வின் பொருள் அதற்குப் பிறகு நடந்தது என்பதால் குற்றத்தைப் பற்றி இத்துடன் நிறுத்துகிறேன்.

மருத்துவ நிலை

வழக்கைப் பற்றிப் பேசுபவர்களில் பலர் அருணா வென்டிலேட்டரில் இருந்ததாக நினைக்கிறார்கள். 2011இல் தீர்ப்பு வந்தபோது அவர் எந்த இயந்திரத்திலும் இல்லை. தானாக மூச்சு விட்டார். இதயம் தானாகத் துடித்தது. கண் திறந்து விழித்திருப்பார், தூங்குவார். உதட்டில் உணவை வைத்தால் வாய் திறந்து விழுங்குவார். பல ஆண்டுகள் அவருக்கு மசித்த உணவை வாய் வழியாகத்தான் கொடுத்தார்கள். மீன், கோழி சூப்பு பிடிக்கும் என்று வார்டில் சொன்னார்கள். 2010 செப்டம்பரில் மலேரியா வந்து, காய்ச்சல் இறங்கிய பிறகு வாய் வழியாகச் சாப்பிடுவது குறைந்ததால்தான் ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாய்) போட்டார்கள்.

உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் மூன்று மருத்துவர்கள் கொண்ட குழுவை நியமித்தது. டாட்டா மெமோரியல் மருத்துவமனையின் தீவிர சிகிச்சை நிபுணர் ஜே.வி. திவாட்டியா, இந்துஜா மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் ரூப் குர்சஹானி, சயான் மருத்துவமனையின் மனநல மருத்துவர் நிலேஷ் ஷா. அருணா மூளைச்சாவு அடையவில்லை, நிரந்தரத் தாவர நிலைக்கான பெரும்பாலான அளவுகோல்கள் அவருக்குப் பொருந்துகின்றன என்று அறிக்கை சொன்னது. கை கால்கள் மடங்கி இறுகிப்போயிருந்தன. கண் சிமிட்டினார், ஆனால் அசையும் பொருளைப் பின்தொடரவில்லை. அறையில் ஆட்கள் கூடினால் சத்தம் எழுப்பினார், கூட்டம் கலைந்ததும் அமைதியானார்.

இந்த வேறுபாட்டை மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வதுண்டு. மூளைச்சாவில் மூளைத்தண்டு உட்பட எல்லாம் போய்விடுகிறது, மூச்சு தானாக வராது, வென்டிலேட்டர்தான் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். தாவர நிலையில் மூளைத்தண்டு வேலை செய்கிறது, அதனால் மூச்சும் உறக்கமும் விழிப்பும் இருக்கின்றன. அந்த விழிப்புக்குள் 'நான்' என்று ஒருவர் இருப்பதற்கான அறிகுறிதான் தென்படுவதில்லை. கண் திறந்திருக்கும் ஒருவர் முகத்தைத் தினமும் துடைத்துவிடும் நர்ஸுக்கு இந்த வேறுபாடு ஏட்டில் இருப்பதுபோல் சுலபமாக நிற்காது. துடைக்கும்போது முகம் சுருங்குகிறது, பிடித்ததைக் கொடுத்தால் தளர்கிறது. அனிச்சைச் செயல் என்று படித்திருக்கிறோம். படித்த பிறகும் அந்த முகத்தைப் பார்த்து "என்னம்மா" என்று கேட்கத்தான் செய்வோம்.

முப்பத்தேழு ஆண்டுகளில் அருணாவுக்குப் படுக்கைப் புண் வரவில்லை என்பது இந்த வழக்கில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. நர்சிங் தெரியாதவர்களுக்கு இது ஒரு நல்ல செய்தி, அவ்வளவுதான். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். பகலில் மட்டும் செய்தால் போதாது, விடியற்காலை நாலு மணிக்கும் செய்ய வேண்டும். விரிப்பில் ஒரு மடிப்பு இருந்தால் அது தோலில் பதியும். ஈரம் அரை மணி நேரம் நின்றால் தோல் ஊறும். கை கால் மடங்கி இறுகியவருக்கு மடிப்புகளுக்குள் காற்றே போகாது, அங்கே துடைத்து உலர்த்த வேண்டும். ஒரு கவளம் அவசரப்பட்டு ஊட்டினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகும். ஒரு ஷிஃப்டு அசந்தால் போதும், இடுப்பெலும்பின் மேல் சிவப்பு தெரியும். இத்தனைக்கும் அது நெருக்கியடிக்கும் ஒரு மாநகராட்சி மருத்துவமனை. அங்கே தலைமுறை தலைமுறையாகச் செவிலியர்கள் மாறிக்கொண்டே இருக்க, புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள். வேலையில் சேர்ந்த புதிய செவிலியருக்கு மூத்தவர் அருணாவைக் கையைப் பிடித்து ஒப்படைத்துவிட்டுப் போனார். 1980களில் மாநகராட்சி அவரை அங்கிருந்து அப்புறப்படுத்தப் பார்த்தபோது செவிலியர்கள் எதிர்த்து நின்று தடுத்தார்கள்.

மனு

அருணாவைப் பற்றிப் புத்தகம் எழுதிய பத்திரிகையாளர் பிங்கி விராணி 2009இல் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். அருணாவின் நண்பர் என்ற முறையில் அவர் கேட்டது, உணவு கொடுப்பதை நிறுத்தி அவரை அமைதியாகச் சாகவிட வேண்டும் என்பது. அதைக் கல்நெஞ்சக் கோரிக்கை என்று அப்போது சிலர் திட்டினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அருணா என்ற பெண்ணை நாடு மறந்துபோன காலத்தில் நினைவில் வைத்திருந்தவர் விராணி. வாழவேண்டிய வயதில் வாழ்வு பறிக்கப்பட்ட ஒரு பெண்ணின் உடலை வைத்துக்கொண்டிருப்பதுதான் கண்ணியமா என்று அவர் கேட்டதில் நேர்மை இருந்தது.

எதிர்த்தரப்பில் மருத்துவமனை நின்றது. அப்போதைய டீன் சஞ்சய் ஓக், மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்கள் எல்லோரும் ஒரே குரலில் அருணா வாழ வேண்டும் என்றார்கள். அவரைக் கவனித்துவந்த ஒரு செவிலியர், சம்பளமே வேண்டாம், நான் தொடர்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அருணாவின் பெற்றோர் இறந்துவிட்டிருந்தார்கள். மற்ற உறவினர் யாரும் தொடர்பில் இல்லை.

2011 மார்ச் 7 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் தீர்ப்பளித்தார்கள். மனு தள்ளுபடியானது. ஆனால் தள்ளுபடி செய்த அதே தீர்ப்பில், உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்வதற்கு இந்தியாவில் முதன்முறையாக வழி திறந்தது. சுயநினைவில்லாத நோயாளிக்காகப் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, நெருங்கிய உறவினர் முடிவெடுக்கலாம். அவர்கள் இல்லாதபோது நோயாளியின் நண்பராக நிற்பவரோ மருத்துவர்களோ எடுக்கலாம். எடுத்த முடிவு நோயாளியின் நலனுக்கானதா என்று பார்த்து உயர் நீதிமன்றம் ஒப்புதல் தர வேண்டும். சொத்துக்கு ஆசைப்பட்டு உறவினர்கள் மருத்துவர்களைக் கைக்குள் போட்டுக்கொண்டு நோயாளியை முடித்துவிடலாம் என்ற அச்சம்தான் அந்த நீதிமன்ற ஒப்புதலுக்குக் காரணம். அதைத் தீர்ப்பு வெளிப்படையாகவே சொல்கிறது.

அடுத்தது வழக்கின் மையம். அருணாவுக்கு யார் நெருக்கம்? அவரைப் பற்றி எழுதியவரா, அவருக்கு இரவும் பகலும் செய்தவர்களா? கேஇஎம் ஊழியர்களுக்கே அவர் சார்பில் பேசும் உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. அவர்கள் என்றாவது மனம் மாறினால் பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. தீர்ப்பைக் கேட்டதும் வார்டில் இனிப்பு வழங்கினார்கள்.

நெறிமுறையின் முடிச்சுகள்

மருத்துவ அறநெறிப் பாடத்தில் நோயாளியின் தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நான்கைச் சொல்லிக்கொடுக்கிறோம். அருணா வழக்கில் முதலாவதற்கு விடையே இல்லை. 25 வயதுப் பெண், திருமணத்துக்குக் காத்திருந்தவர், தனக்கு இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று யாரிடமும் சொல்லிவைத்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் டெரி ஷியாவோ வழக்கில் கணவரும் பெற்றோரும் மோதினார்கள், பிரான்சில் வின்சென்ட் லாம்பெர் வழக்கில் மனைவியும் பெற்றோரும் மோதினார்கள். அங்கே குறைந்தபட்சம், அவர் என்ன விரும்பியிருப்பார் என்று சொல்ல அவரோடு வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். அருணாவை 1973க்கு முன் அறிந்தவர்கள் 2011இல் நீதிமன்றத்தில் இல்லை. செவிலியர்களில் பெரும்பாலோர் படுக்கையில் கிடந்த அருணாவை மட்டுமே அறிந்தவர்கள். சிலர் 1973க்குப் பிறகு பிறந்தவர்களாகக்கூட இருந்திருப்பார்கள்.

அதனால் அவர்கள் சொன்ன பதில், அருணா என்ன கேட்டிருப்பார் என்பதற்கான பதில் ஆகாது. நாங்கள் அவரைக் கைவிடமாட்டோம் என்பதுதான் அவர்கள் சொன்னது. இரண்டும் வேறு. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் சொன்னது என்பதற்காக இந்த வேறுபாட்டை மறைக்க எனக்கு மனமில்லை. கவனிப்பவரின் பாசம் நோயாளியின் விருப்பமாகிவிடாது. நாம் ஒருவருக்குச் செய்யச் செய்ய, அவர் நம்முடையவர் ஆகிவிடுகிறார். அவரை விட்டுக்கொடுப்பது நம் இழப்பாகிறது. நம் இழப்பை அவர் நலன் என்று எண்ணிக்கொள்வது மிக எளிது. வயதான பெற்றோரை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்ட மகள்களிடமும் மருமகள்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியிருந்தும் நீதிமன்றம் செவிலியர்களுக்குக் கொடுத்த இடம் சரி என்பதே என் துணிபு. நோயாளியின் விருப்பம் தெரியாதபோது மிச்சமிருக்கும் கேள்வி, இப்போது இந்த உடலுக்கு எது நல்லது, எது துன்பம் என்பது. அதைச் சொல்லத் தகுதியுள்ளவர் யார்? வலிக்கிறதா, எந்தப் பக்கம் படுத்தால் அமைதியாகிறார், குழாய் போட்டதிலிருந்து முகம் எப்படி மாறியது என்பதெல்லாம் படுக்கையருகே நிற்பவருக்குத் தெரியும். நிபுணர் குழு சில மணி நேரம் பார்த்தது. செவிலியர்கள் முப்பத்தேழு ஆண்டுகள் பார்த்திருந்தார்கள். அருணா துன்பப்படுகிறார் என்று அவர்கள் சொல்லியிருந்தால் வழக்கே வேறு திசையில் போயிருக்கும்.

இன்னொரு முடிச்சு, நிறுத்தச் சொல்லிக் கேட்டது எதை என்பது. பிரிட்டனில் 1993இல் டோனி பிளாண்ட் வழக்கில், குழாய் வழி உணவும் நீரும் மருத்துவச் சிகிச்சையே, அதனால் அதை நிறுத்தலாம் என்று அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் நசுங்கித் தாவர நிலைக்குப் போன இளைஞர் அவர். அந்தத் தீர்ப்பை நம் நீதிபதிகள் விரிவாக எடுத்துப் பேசினார்கள். பிளாண்டுக்குப் போனது குழாய் வழி திரவ உணவு. அருணாவுக்கு 2010 வரை கரண்டியில் போனது மசித்த சோறும் சூப்பும். வாய் திறப்பவருக்குக் கரண்டியை நீட்டாமல் இருப்பதை எந்த நர்ஸாலும் 'சிகிச்சையை நிறுத்துதல்' என்று குறிப்பேட்டில் எழுத முடியாது. பசித்தவர் வாயைத் திறந்தால் ஊட்டுவது சிகிச்சைக்கு முந்தியது. மனு தள்ளுபடியானதில் எனக்கு உடன்பாடு இருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

2015 மே

வழக்கு அங்கே முடிந்தது. அருணா அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 2015 மே மாதத்தில் நிமோனியா வந்தது. ஐசியூவுக்கு மாற்றி வென்டிலேட்டரில் வைத்தார்கள். மே 18 அன்று இறந்தார்.

இந்தக் கடைசிப் பகுதியைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. எனக்கோ நெறிமுறை ரீதியில் இதுதான் வழக்கின் கடினமான பகுதி. வாழ்நாள் முழுக்க இயந்திரமின்றி இருந்தவருக்கு, 66 வயதில், கை கால் இறுகிய உடலில், மூச்சுக்குழாயில் குழாய் செருகினார்கள். செய்தவர்களின் நோக்கத்தைச் சந்தேகிக்க எந்தக் காரணமும் இல்லை. நாற்பது ஆண்டுகள் காத்தவரை மூச்சுத் திணறவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் உணவை நிறுத்தாமல் இருப்பதும் வென்டிலேட்டரைத் தொடங்குவதும் ஒரே வகையான முடிவுகள் அல்ல. முன்னதில் கவனிப்பு தொடர்கிறது. பின்னதில் புதிதாக ஒரு துன்பம் சேர்கிறது: குழாய், சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன், கட்டி வைத்த கைகள், மயக்க மருந்து. சக்ஷன் போடும்போது நோயாளியின் உடல் முழுக்கத் துடிப்பதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. 2011இலேயே, இனி ஒரு பெரிய நோய் வந்தால் ஐசியூவுக்குப் போவோமா, வார்டிலேயே ஆக்சிஜனும் மார்ஃபினும் கொடுத்து மூச்சுத் திணறலைத் தணித்து, தெரிந்த கைகளுக்கு நடுவே வைத்துக்கொள்வோமா என்று பேசி முடிவெடுத்து எழுதி வைத்திருக்க முடியும். அப்படிப் பேசப்பட்டதா என்பது பொதுப் பதிவில் இல்லை. பேசியிருந்தாலும் அன்றைய சட்டம் உதவியிருக்காது. சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதும் விலக்குவதும் ஒரே விதிக்குள் அடங்கியிருந்தன. இரண்டுக்கும் உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டும். நிமோனியா நீதிமன்றத் தேதிக்காகக் காத்திருக்காது.

ஐசியூவுக்கு வந்து சேர்ந்த சட்டம்

நாற்பது ஆண்டுப் படுக்கையை மனதில் வைத்து எழுதிய வழிமுறை, நாற்பது மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய ஐசியூவுக்கும் பொருந்தும் சட்டமாகிவிட்டது. விளைவு என்னவென்று தமிழ்நாட்டில் ஐசியூ வாசலில் ஒரு இரவு உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும். பக்கவாதம் வந்த பெரியவர், மூளையில் பெரிய ரத்தக்கசிவு, வென்டிலேட்டர். ஐந்தாம் நாள் மருத்துவர் நம்பிக்கையில்லை என்கிறார். நிறுத்தலாமா என்று கேட்க வீட்டாருக்குத் துணிவில்லை, நிறுத்தலாம் என்று சொல்ல மருத்துவருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. கடைசியில் மூத்த மகன் நர்ஸிடம் வருவார்.

"சிஸ்டர், அப்பாவுக்கு வலிக்குதா?"

"மருந்து போயிட்டிருக்குங்க. வலி தெரியாது."

"இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமான்னு சித்தப்பா கேக்கறாரு. உயிர் வீட்டுலயே போகட்டும்னு..."

பிறகு ஏஎம்ஏ படிவம். மருத்துவ ஆலோசனையை மீறி அழைத்துச் செல்கிறோம் என்று கையெழுத்து. ஆம்புலன்ஸில் ஒருவர் கையால் காற்றூட்டும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே போவார், வீட்டு வாசலில் குழாயை எடுப்பார்கள். அந்த மகன் ஆலோசனை எதையும் மீறவில்லை. மருத்துவர் சொல்லாமல் சொன்னதைத்தான் செய்கிறார். ஆனால் பொறுப்பு முழுக்க அவர் கையெழுத்தில் ஏறுகிறது. மார்ஃபின் இல்லாமல், சக்ஷன் இல்லாமல், நர்ஸ் இல்லாமல் கடைசி மூச்சு நடு வீட்டில் இழுக்கிறது. மருத்துவமனை அந்த மரணத்தைத் தன் கணக்கில் எழுதுவதில்லை. சிகிச்சையை நிறுத்துவதற்கும் நோயாளியைக் கைவிடுவதற்கும் நடுவே இருக்க வேண்டிய கோடு அங்கே அழிந்துபோகிறது. பணம் தீர்ந்துபோனதால் போகிறவர்களும் இதே படிவத்தில்தான் போகிறார்கள். எது அறம் சார்ந்த முடிவு, எது வறுமையின் முடிவு என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

காமன் காஸ் என்ற அமைப்பு 2005இல் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. கண்ணியத்தோடு சாவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்றும், ஒருவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டி எழுதி வைக்கலாம் என்றும் சொன்னது. சாகும் உரிமை உண்டா என்பது பற்றிய 1996ஆம் ஆண்டின் கியான் கவுர் தீர்ப்பை அருணா தீர்ப்பு தவறாகப் படித்துவிட்டது என்பதையும் இந்த அமர்வு சுட்டிக்காட்டியது. ஆனால் வழிமுறை முன்னைவிடக் கடினமாகிவிட்டது. மருத்துவமனையில் ஒரு குழு, கலெக்டர் அமைக்கும் இன்னொரு குழு, பிறகு நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) நேரில் வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். நான் வேலை பார்த்த எந்த ஐசியூவிலும் நடுவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததை நான் பார்த்ததில்லை.

தீவிர சிகிச்சை மருத்துவர்களின் தேசியச் சங்கம் திரும்ப நீதிமன்றம் போனது. 2023 ஜனவரி 24 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு விதிகளை எளிதாக்கியது. முன்விருப்ப ஆவணத்தில் நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றொப்பமிட்டால் போதும். முதல் குழுவில் சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு துறை நிபுணர்களும். இரண்டாவது குழுவில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு மருத்துவரும் மேலும் இரண்டு நிபுணர்களும். 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல முயல வேண்டும். நடுவருக்குத் தகவல் கொடுத்தால் போதும். குழுக்களுக்குள் கருத்து வேறுபட்டால் மட்டும் உயர் நீதிமன்றம். 2025 ஜனவரியில் கர்நாடக அரசு இதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை அனுப்பியது. அருணா பிறந்த மாநிலம் அது.

இந்த விதிகளை நான் வரவேற்கிறேன். ஏஎம்ஏ படிவத்தில் ஒளிந்துகொண்டிருந்த முடிவை ஐசியூவுக்குள்ளேயே, வலி மருந்தோடும் பொறுப்போடும் எடுக்க இதனால் வழி கிடைத்திருக்கிறது. ஆனால் குழுக்களின் உறுப்பினர் பட்டியலை மறுபடி பாருங்கள். ஆறு பேரும் மருத்துவர்கள். குடும்பத்தின் சம்மதம் உண்டு, நடுவருக்குத் தகவல் உண்டு. படுக்கையருகே நிற்கும் செவிலியரின் பெயர் எங்கும் இல்லை. செவிலியர்களின் சொல்லை முதன்மையாக வைத்துத் தீர்ந்த வழக்கிலிருந்து வளர்ந்த சட்டம், பன்னிரண்டு ஆண்டுகளில் செவிலியர் இல்லாத சட்டமாக வந்து நிற்கிறது.

இது பதவிக்கான குறை அல்ல. குழு தீர்மானிக்க வேண்டியவை என்னென்ன? மீள வாய்ப்பு உண்டா என்பது மருத்துவருக்குத் தெரியும். அதற்கடுத்துத் தெரிய வேண்டியவை வேறு. மயக்க மருந்தைக் குறைக்கும் நேரத்தில் நோயாளி முகத்தைச் சுளிக்கிறாரா? மகள் கையைப் பிடிக்கும்போது இதயத் துடிப்பு மாறுகிறதா? முதல் இரண்டு நாள் நினைவோடு இருந்தபோது, "போதும், டியூப் எல்லாம் வேண்டாம்" என்று இரவில் யாரிடமாவது சொன்னாரா? அப்படிச் சொல்பவர்கள் ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரிடம் சொல்வதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் தொட்டு உதட்டை நனைக்கும் சிஸ்டரிடம்தான் சொல்கிறார்கள். வீட்டாருக்குள் யார் பேசுகிறார், யார் பேசவிடாமல் ஒதுக்கப்படுகிறார், மருமகன் ஏன் அவசரப்படுகிறார், மனைவி ஏன் வராந்தாவிலேயே நிற்கிறார் என்பதும் செவிலியருக்குத் தெரியும். சொத்துக்காகச் செய்துவிடுவார்களோ என்ற கட்ஜு அமர்வின் அச்சத்துக்கு ஐசியூவுக்குள் இருக்கும் சாட்சி அவர்தான்.

இன்னொன்றும் உண்டு. குழு முடிவெடுத்த பிறகு வென்டிலேட்டரின் அளவுகளைக் குறைப்பது, மார்ஃபினை ஏற்றுவது, மானிட்டர் சத்தத்தை அடைப்பது, வீட்டாரை உள்ளே அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைப்பது எல்லாம் நர்ஸின் கை வழியாக நடக்கிறது. ஏன் என்று தெரியாமல், தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த முடிவை நிறைவேற்றும் இளம் செவிலியர்கள், தாங்களே ஒருவரைக் கொன்றுவிட்டதாக நினைத்து உறக்கமிழப்பதுண்டு. நோய்தான் உயிரை எடுத்தது, நாம் தடையை விலக்கினோம், வலியைத் தணித்தோம் என்பதை அவர்கள் புரிந்துகொள்வதற்கு, முடிவெடுத்த அறையில் அவர்களும் இருந்திருக்க வேண்டும்.

இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. 2023 தீர்ப்பு குழுக்களில் குறைந்தபட்சம் யார் இருக்க வேண்டும் என்கிறது; வேறு யாரையும் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. முதல் குழு கூடும் நாளில், அந்த நோயாளியை அதிக ஷிஃப்டுகள் பார்த்த செவிலியரை வரச்சொல்லலாம். வலி, விழிப்பு, நோயாளி பேசிய வார்த்தைகள், குடும்பத்தின் நிலை ஆகியவற்றை அவர் ஒரு பக்கத்தில் எழுதித் தர, அதை நடுவருக்குப் போகும் கோப்பில் சேர்க்கலாம். அந்தத் தாளுக்கு என் மாணவர்கள் ஒரு மாதிரிப் படிவம் தயாரித்திருக்கிறார்கள். படிவத்தில் முதல் வரி: "நோயாளி என்னிடம் சொன்னது." அதற்குக் கீழே நான்கு வெற்று வரிகள் விட்டிருக்கிறார்கள். நான் அதைப் பத்தாக ஆக்கச் சொல்லியிருக்கிறேன்.